ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்து ஓராண்டு ஆகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அம்மா தையல் வேலை பார்க்கிறார். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். காசநோய்க் கிருமி மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போவது எப்படி என்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். சென்ற முறை எழுதிய சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் (அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு) உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, மாதா மாதம் ஆய்வு உதவித்தொகை தரும் ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை.

இப்போது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 75,000 ரூபாய் கட்டணம், உதவித்தொகை கிடையாது. மூலிகைச் சாறுகளின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறனைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும்படி நெறியாளர் சொல்கிறார். இன்னொரு பக்கம், 2 லட்சம் ரூபாய் கொடுத்தால் ஐரோப்பாவில் இடம் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனம் சொல்கிறது. என் ஆங்கிலம் சுமார்தான். வெளிநாட்டு ஆய்வு வசதி படைத்தவர்களுக்கு மட்டும்தானா? காத்திருந்தால் வயது போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டாம். ஆலோசனை நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அடுத்த ஓராண்டை, பணம் உள்ள ஓர் ஆய்வகத்தில் திட்டப் பணியாளராக, அதாவது ஓர் ஆய்வுத் திட்டத்துக்கென்று தற்காலிகமாக எடுக்கப்படுபவராக, வேலை செய்துகொண்டே தேர்வுகளுக்கும் விண்ணப்பங்களுக்கும் செலவிடுங்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் நிலையில் இருக்கும் பலர் இதே கேள்வியை எனக்கு எழுதுகிறார்கள்.

மருத்துவ உயிரியல் ஆய்வுக்கு இரண்டு வகைப் பணம் வேண்டும். ஒன்று ஆய்வு மாணவர் சாப்பிட, வாடகை கொடுக்க, வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பத் தேவையான பணம். மற்றது அவருடைய ஆய்வு மேசைக்கான பணம். நம் ஊரில் முதல் வகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம், இரண்டாவதைப் பற்றிச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். குறிப்பிட்ட ஒரு புரதத்தைக் கண்டறியப் பயன்படும் ஆன்டிபாடி நூறு மைக்ரோலிட்டர், அதாவது கண்ணீர்த் துளிகள் இரண்டு மூன்று அளவே உள்ள ஒரு சிறு குப்பி, முப்பது நாற்பதாயிரம் ரூபாய் ஆகும். அதை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். செல் வளர்ப்புக்கான சீரம், ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கிட், வரிசையறியும் சேவைக்கான கட்டணம் என்று ஒவ்வொன்றும் இப்படித்தான். நெட் தேர்வில் வெல்லும் சிஎஸ்ஐஆர் மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் இதரச் செலவுத் தொகை உண்டு, ஆனால் அது ஒரு ஆன்டிபாடிக்கே போதாது. மேசைக்கான பணம் நெறியாளரின் ஆய்வுத் திட்ட மானியத்திலிருந்துதான் வர வேண்டும்.

அந்த மானியம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. காசநோயின் மருந்தெதிர்ப்பு பற்றிக் கேட்டுப் போன உங்களுக்கு மூலிகைச் சாறு தலைப்பாகக் கிடைத்திருக்கிறது. இலையைக் காயவைத்துப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து வடித்து, காகித வட்டில் ஏற்றி, அகார்த் தட்டில் கிருமி வளராத வளையத்தை அளவுகோலால் அளப்பது குறைந்த செலவில் முடியக்கூடிய வேலை. தாவர வேதியியலில் ஆழமான கேள்வியோடு இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் இந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அறிவியல் ஆர்வம் அன்று, வேறு எதையும் செய்யப் பணம் இல்லாமைதான். அந்த நெறியாளரை நான் குறை சொல்லவில்லை. அவருடைய கையில் இருப்பதை வைத்து அவர் ஒரு வழி காட்டுகிறார். நீங்களோ ஐந்து ஆண்டுகளையும் நான்கு லட்சம் ரூபாய்க்கு நெருக்கமான கட்டணத்தையும் கொடுத்து, நீங்கள் கேட்க விரும்பாத ஒரு கேள்விக்கு விடை தேடப் போகிறீர்கள்.

காசநோய்க்கு இன்னொரு தடையும் உண்டு. உயிருள்ள காசநோய்க் கிருமியை வளர்த்து ஆய்வு செய்ய மூன்றாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். எதிர்மறைக் காற்றழுத்தம், வடிகட்டப்பட்ட வெளியேற்றக் காற்று, பயிற்சி பெற்ற பணியாளர்கள் என்று அதை நடத்துவதற்கே தனிச் செலவு உண்டு. அது இல்லாத இடத்தில் ஸ்மெக்மாட்டிஸ் என்ற தீங்கற்ற உறவுக் கிருமியை வைத்துத்தான் வேலை செய்ய முடியும். அதிலும் நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனாலும் எந்த ஆய்வகத்துக்கு எழுதினாலும் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் ஆய்வகத்தில் பணம் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்க முடியும், அதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம். அந்த நெறியாளரின் அண்மைக் கட்டுரைகள் இரண்டு மூன்றை எடுத்து, எல்லோரும் படிக்காமல் விட்டுவிடும் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். நன்றியுரைக்குப் பக்கத்தில் நிதி விவரம் இருக்கும்: எந்த அமைப்பு, எந்த மானிய எண், சில நேரம் யாருடைய பெயரில் என்பது வரை. 2016ல் தொடங்கிய மானியத்தையே இன்னமும் குறிப்பிட்டுக்கொண்டிருந்தால் புதிதாக எதுவும் வரவில்லையோ என்று சந்தேகப்படலாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மானியங்களை ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தரவுத்தளத்தில் யாரும் தேடலாம். தொகையும் முடியும் தேதியும்கூட அதில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் கார்டிஸ், ஜெர்மனிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச் என்று தனித்தனித் தளங்கள் இருக்கின்றன. முதல் ஆசிரியராகப் பெயர் போட்டிருக்கும் முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள். முடித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள் என்பதை அவர்களிடமே மின்னஞ்சலில் கேட்கலாம். பலர் பதில் எழுதுவார்கள்.

உள்நாட்டுப் பணத்துக்கு வருகிறேன். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப் என்ற மூத்த ஆய்வாளர் நிலைக்கு உயரும்போது 42,000. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்துத் தனியாகச் சேரும். மொத்தம் ஐந்து ஆண்டுகள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் தகுதி ஆய்வில் சேர உதவும், ஆனால் பணம் தராது. எனவே நெட் தேர்வை மறுபடியும் எழுதுங்கள். உயிர் அறிவியல் தாளில் மொத்தம் உள்ள 200 மதிப்பெண்களில் 100, மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அதில் 75 வினாக்களிலிருந்து 25ஐ மட்டும் எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அங்கே மனப்பாடம் எடுபடாது. ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து என்ன சொல்லலாம் என்று கேட்பார்கள். பாடத்திட்டத்தின் 13 அலகுகளில் கடைசியான ஆய்வு முறைகள் அலகை நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஆண்டு முடிவில் அவசரமாக நடத்திவிடுகிறார்கள். ஆய்வகத்தில் கையால் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அலகு எளிதாகிவிடும். உங்களைத் திட்டப் பணிக்குப் போகச் சொல்வதில் இந்தப் பயனும் சேர்ந்திருக்கிறது.

நெட் ஒன்றே வாசல் என்று நினைத்துக் குமைய வேண்டாம். மத்திய அரசின் உயிர்த் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வு தனி. அதன் முதல் பிரிவில் வருபவர்கள் தமக்கான உதவித்தொகையோடு ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வில் உயிர் அறிவியல், உயிர்த் தொழில்நுட்பம் இரண்டுக்கும் தாள்கள் இருக்கின்றன. அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும், வயது வரம்பும் கிடையாது. ஐஐடிகளில் கேட் மதிப்பெண்ணோ நெட் தகுதியோ வைத்திருந்து நேர்காணலில் தேறுபவர்களுக்கு நிறுவனமே உதவித்தொகை தருகிறது. உங்கள் நெட் தகுதி வீணாகவில்லை என்று நான் சொல்வது இதனால்தான். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்சிபிஎஸ்) உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கு ஜேஜிபில்ஸ் என்ற பொது நுழைவுத் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவராக இருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைகள் தனியாக இருக்கின்றன. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. இவற்றில் பொருந்துவது இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். அது உங்கள் உரிமை.

எந்த உதவித்தொகையாக இருந்தாலும் ஒரு கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பணம் ஐந்து ஆண்டுகளில் நின்றுவிடும், ஆய்வு அதற்குள் முடிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள், அதற்கு மேல் நீட்டிப்பும் உண்டு. நோயாளிகளின் மாதிரிகளோ விலங்குகளோ தேவைப்படும் ஆய்வில் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கே பல மாதங்கள் போய்விடும். ஆகவே சேரும்போதே, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு மாணவருக்கு எங்கிருந்து சம்பளம் தருகிறீர்கள் என்று கேளுங்கள். அதோடு, உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வருவது இந்தியாவில் எல்லா ஆய்வு மாணவர்களும் அறிந்த துயரம். அந்த மாதங்களில் விடுதிக் கட்டணத்துக்கு நிறுவனம் அவகாசம் தருமா என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான். பணத்தைப் பற்றிக் கேட்டால் அறிவியலில் ஆர்வம் இல்லாதவள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் நம் முதல் தலைமுறை மாணவர்களுக்கு அதிகம். கேட்காதவர்கள்தான் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்பதைப் பல முறை பார்த்துவிட்டேன்.

திட்டப் பணிக்கு எங்கே போவது? காசநோய் என்றால் உங்களுக்கு உலகத் தரமான இடம் சென்னை சேத்துப்பட்டிலேயே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956ல் காசநோய் வேதிமருத்துவ மையமாகத் தொடங்கியது. அன்றைய சென்னை மாநில அரசு, ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நால்வரின் கூட்டு முயற்சி அது. காசநோயாளிகளுக்கான தனி மருத்துவமனையான சானடோரியத்தில் படுக்க வைத்துச் சிகிச்சை தருவதற்கும், நெரிசலான வீடுகளிலேயே இருக்க வைத்து மருந்து தருவதற்கும் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959ல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நான்கு அமைப்புகளின் பணம் ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது என்பதையும் இங்கே கவனியுங்கள். இந்த நிறுவனத்தின் தளத்தில் தற்காலிகத் திட்டப் பணிகளுக்கான நேர்காணல் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு ஐஐஎஸ்சியின் தொற்றுநோய் ஆராய்ச்சி மையம், ஃபரிதாபாதின் டிஎச்எஸ்டிஐ, டெல்லியின் ஐசிஜிஇபி ஆகியவற்றின் அறிவிப்புகளையும் வாரம் ஒரு முறை பாருங்கள். இந்தியா பயோசயன்ஸ் தளம் இத்தகைய அறிவிப்புகளைத் தொகுத்துத் தருகிறது. திட்டப் பணி என்பது முனைவர் பட்டத்துக்கான உறுதிமொழி ஆகாது. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பின்னால் பதிவு செய்துகொள்ளலாம் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால், அதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெளிநாடு வசதி படைத்தவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலைப் படிப்புக்கு அது பெருமளவு உண்மை. ஆனால் மருத்துவ உயிரியலின் முனைவர் பட்டத்துக்கு நிலைமை வேறு, இதை நம் ஊரில் பலர் அறிவதில்லை. ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தில் சேர்கிறார். சம்பளம், மருத்துவக் காப்பீடு, விடுப்பு எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். மாக்ஸ் பிளாங்க் சர்வதேச ஆய்வுப் பள்ளிகளும் ஹைடல்பர்கின் ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகமும் (எம்பிள்) உலகம் முழுவதிலிருந்தும் ஆங்கிலத்திலேயே மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. காசநோய்க்கென்றே பெயர் பெற்ற போர்ஸ்டல் ஆராய்ச்சி மையம் ஜெர்மனியின் வடக்கில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலைப்பின்னல்களில் ஒரு விதி நமக்குச் சாதகமானது: முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களைவிட வெளியிலிருந்து வருபவர்களுக்கே அது வழிவிடுகிறது. அந்த இடங்கள் யூராக்ஸஸ் தளத்தில் அறிவிக்கப்படுகின்றன. பிரிட்டனில் அரசின் ஆய்வு நிதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 30 சதவீதம் வரைதான் இடம், போட்டி கடுமையானது.

அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு நெறியாளரிடம் நேரடியாகச் சேர்வதில்லை, துறையின் திட்டத்தில் சேர்கிறீர்கள். முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் சுழன்று வேலை செய்து, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகை, காப்பீடு ஆகியவை சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். விண்ணப்பக் கடைசி நாள் பல இடங்களில் டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டி வரும். பல திட்டங்கள் சேர்க்கைக்குக் கேட்டுவந்த ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வைக் கைவிட்டுவிட்டன, விண்ணப்பக் கட்டணத்தைக் கேட்டுத் தள்ளுபடி வாங்கவும் வழி உண்டு. ஆனால் 2025ஐ மனத்தில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். தேசிய சுகாதார நிறுவனங்கள் தரும் மானியங்களில் கட்டடம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுகளுக்கு 15 சதவீத உச்சவரம்பை அந்த ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். நீதிமன்றம் அதைத் தடுத்தபோதும், நிதி நிச்சயமற்றுப் போனதால் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கையைக் குறைத்தன. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி ஏற்கெனவே கொடுத்த சேர்க்கைகளையே திரும்பப் பெற்றது. எனவே அமெரிக்காவை மட்டும் நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். சேர்க்கைக் கடிதம் வந்தால், உதவித்தொகைக்குப் பொறுப்பேற்பது துறையா நெறியாளரின் மானியமா என்று கேட்டு எழுதுங்கள்.

இவற்றில் எந்த இடத்தையும் யாரும் வாங்கித் தர முடியாது. விண்ணப்பத்தைப் படித்து, நேர்காணல் செய்து, தங்கள் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கப் போகிறவர்கள் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் சொல்லைக் கேட்டு இடம் தர மாட்டார்கள். அந்த 2 லட்சம் ரூபாயில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, கட்டணம் கட்டிப் படிக்கும் ஏதோ ஒரு படிப்புக்கான சேர்க்கையாகத்தான் இருக்கும்.

மின்னஞ்சலைப் பற்றி ஒரு வார்த்தை. மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கி, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன் என்று நூறு பேருக்கு ஒரே மடலை அனுப்புபவர்கள் அதிகம். அவற்றைத் திறந்த உடனே மூடிவிடுவார்கள். நீங்கள் பத்துப் பேருக்கு எழுதினால் போதும். முதல் பத்தியில் நீங்கள் யார், உங்கள் முதுகலைத் திட்டத்தில் என்ன செய்தீர்கள் என்று மூன்று வரிகள். இரண்டாவதில் அவருடைய ஒரு கட்டுரையிலிருந்து ஒரு கேள்வி. எடுத்துக்காட்டாக, ‘மேக்ரோஃபேஜுக்குள் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) இருக்கும் கிருமி ஐசோநயசிடு என்ற காசநோய் மருந்துக்குத் தாக்குப்பிடிப்பதை நான்காம் படத்தில் காட்டியிருக்கிறீர்கள். மரபணு மாற்றம் இல்லாமலே இது நடக்கிறதென்றால், மருந்தை நீக்கிய பிறகு அடுத்த தலைமுறைக் கிருமிகள் மறுபடி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று சோதித்தீர்களா?’ என்று கேட்கலாம். அந்தக் கட்டுரையை உண்மையாகவே படித்தவரால்தான் அப்படிக் கேட்க முடியும் என்பது பெறுபவருக்குத் தெரியும். மூன்றாவதில், எந்த நிதிக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றிருக்கிறீர்கள் என்பதும், அவரிடம் இடம் இருக்கிறதா என்ற நேரடிக் கேள்வியும். மொத்தம் ஒரு திரையைத் தாண்டக் கூடாது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஆங்கிலம் சுமார் என்கிறீர்கள். நேர்காணலில் பெரும்பகுதி நேரம் உங்கள் சொந்த முதுகலைத் திட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள்: ஏன் இந்தச் சோதனை, கட்டுப்பாட்டு மாதிரி எது, எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள், முடிவு மாறாக வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று. இந்த நான்கு கேள்விகளுக்கும் முதலில் தமிழில் தெளிவாகப் பதில் சொல்லிப் பாருங்கள். தமிழில் தடுமாறும் இடம் எதுவோ அதுதான் ஆங்கிலத்திலும் தடுமாறும். அது மொழிக் குறையாக இருக்காது, அந்தச் சோதனையில் உங்களுக்கே தெளியாத இடமாக இருக்கும். அதைத் தெளிவாக்கிக்கொண்டால் சிறு சிறு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். வகுப்பில் அறுபது பேரில் ஒருவராக உங்களைப் பார்த்த பேராசிரியரைவிட, ஓராண்டு தன் ஆய்வகத்தில் உங்கள் வேலையைப் பார்த்தவர் எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

வயதைப் பற்றிய பயத்துக்கு ஆதாரம் குறைவு. ஜேஆர்எஃப் வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. வெளிநாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் வயதைக் கேட்பதில்லை. இடையில் திருமணமும் குழந்தையும் வந்தாலும், யுஜிசி விதிமுறை ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு இடம் தருகிறது. அம்மாவின் கவலை வேறு, அது வீட்டுக்கு வரும் பணத்தைப் பற்றியது என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். கட்டணம் கட்டிப் படிப்பதற்கும் மாதச் சம்பளத்தோடு படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் எண்களோடு உட்கார்ந்து பேசுங்கள். தையல் கணக்கு எழுதுபவருக்கு இந்தக் கணக்கு புரியும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது மூன்று. சேத்துப்பட்டு நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்ப்பது, அடுத்த நெட் தேர்வுக்கும் கேட் தேர்வுக்கும் விண்ணப்பத் தேதிகளைக் குறித்து வைப்பது, காசநோய் மருந்தெதிர்ப்பில் வேலை செய்யும் பத்து ஆய்வகங்களின் பெயர்களை அவற்றின் நிதி விவரத்தோடு ஒரு நோட்டில் எழுதுவது. அந்தப் பட்டியலும் முதல் மின்னஞ்சலின் வரைவும் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்